இருட்டில் தெரிந்த கணையம்

அந்த மருந்தியல் கல்லூரியில் முதலாண்டுக்கு உடற்கூறியல் எடுத்தவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஃபார்மலின் மேடம். பக்கத்தில் போனால் கண் எரியும் என்பது காரணம். எரிந்தது அவள் கையில் அடித்த, உறுப்புகளைக் கெடாமல் ஊறவைக்கும் அந்த மருந்தின் நெடியாலா, அவள் பார்வையாலா என்று தீர விசாரித்தவர் யாரும் இல்லை. கோபம் அவளுக்கு மூக்கின்மேல் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மூக்கின்மேல் இருந்தால் கண்ணாடி எங்கே உட்காரும்? அது புருவத்தில் குடியிருந்தது, வாடகை கொடுக்காமல்.

கோபப்படுவதற்கு அங்கே பஞ்சமும் இல்லை. ஆய்வகத்தில் தொங்கிய எலும்புக்கூட்டுக்கு இரண்டுமே இடது கை. எந்தக் காலத்திலோ வலது கை காணாமல் போக, யாரோ ஒரு புண்ணியவான் கிடைத்ததை எடுத்து மாட்டியிருந்தார். அதைத் தொட்டு ‘வலது’ என்று சொல்லித் தேறிப் போனவர்களில் ஒருவர் இன்றுவரை கை குலுக்க இடது கையைத்தான் நீட்டுகிறார் என்று கேள்வி.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வேலை நிரந்தரமாகட்டும், பிறகு வலது கையை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது ஸ்லைடுப் பெட்டி.

மரப்பெட்டி. உள்ளே வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பின் சீவல், வெங்காயத் தோலைவிட மெலிதாக, சாயம் ஏற்றி ஒட்டியது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதன் திசு தெரிய வேண்டும். தெரிந்த காலம் மலையேறிவிட்டது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்த சாயமெல்லாம் வெளுத்து, இப்போது எந்த உறுப்பை வைத்தாலும் பழைய வேட்டியை விளக்குக்கு நேரே பிடித்த மாதிரிதான் இருக்கும். பெட்டி அங்கே எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. பெட்டியை நகர்த்த முடியாததால் அதைச் சுற்றிக் கல்லூரியைக் கட்டினார்கள் என்று வாட்ச்மேன் சொல்வார்.

இப்படிப்பட்ட பெட்டியை வைத்துக்கொண்டு மாணவர்கள் எல்லாரும் வருஷா வருஷம் எப்படி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது மாதிரித் தேர்வு அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாணவர்கள் மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் நகர்ந்து உறுப்பின் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. அந்த மைக்ராஸ்கோப்புகளுக்கு அடியில் உள்ள பல்பு எரியாவிட்டால் லென்ஸில் அமாவாசைதான். “அப்படியே நில்லுங்க, கரண்ட் வரட்டும்” என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டரைப் போடச் சொல்ல ஓடினாள். போட ஆள் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், மொத்த வகுப்பும் எழுதி முடித்து, தாளை மடித்து வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

அத்தனையும் சரியான விடை.

வகுப்பில் முதலாவதாக வருகிறவனுக்கு ரேங்க் என்று பெயர். அவனைக் கூப்பிட்டாள்.

“இது என்ன?”

“கணையம் மேடம்.”

“விளக்கே எரியல. எப்படித் தெரிஞ்சுது?”

அவன் அவளைப் பாவமாகப் பார்த்தான். “நிலா இருக்கே மேடம்.”

ஸ்லைடின் வலது மேல் மூலையில், என்றோ ஒட்டும்போது கண்ணாடிக்கு அடியில் சிக்கிய காற்றுக்குமிழ் ஒன்று. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பிறை வடிவம். பல வருஷமாக அந்தக் கல்லூரியில் கணையம் என்றால் அதுதான். ரேங்க் மீதியையும் மறைக்காமல் சொன்னான். ஹாஸ்டலில் சேரும் அன்றைக்கே சீனியர்கள் மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்களாம். நிலா என்றால் கணையம், கீறல் என்றால் தைராய்டு, மஞ்சள் கறை என்றால் ஈரல், முடி என்றால் நுரையீரல். அந்த முடி நிறுவனருடையது என்று ஒரு கட்சி, இல்லை, அவருக்கு அப்போதே வழுக்கை என்று எதிர்க்கட்சி.

“மைக்ராஸ்கோப்புக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்களே, அது எதுக்குடா?”

“மரியாதைக்கு மேடம்.”

அவளுக்கு வந்த கோபத்தில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது என்பார்கள். விரிசல் முன்பே இருந்தது. அன்று நீண்டது, அவ்வளவுதான்.

“நாளைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிட்டு மருந்துக் கடையில நிக்கப் போறீங்க. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை கேட்டு ஒரு மனுஷன் வருவான். அந்த மாத்திரை அவன் உடம்புல எங்க போய் வேலை செய்யுதுன்னு தெரியாது. அவன் நெத்தியிலயும் ஒரு நிலா ஒட்டியிருக்கும்னு நினைச்சீங்களா? உள்ள போய்ப் பாருங்கடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா, ஓரத்தையே பாத்துட்டுப் போயிருக்கீங்க.”

கடைசி பெஞ்சில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். அவள் பெயர் தூக்கம். விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஹாஸ்டல் வாசமே இல்லாததால் அவளுக்கு அந்த நிலா, கீறல் மனப்பாடம் தெரியாது. அன்று எல்லாருக்கும் சரியாக வந்ததில், பக்கத்தில் இருந்தவன் தாளைப் பார்த்து எழுதியவள் அவள் ஒருத்திதான்.

முதல்வர் நிறுவனரின் மாப்பிள்ளை. கணக்குப் படித்தவர். அவள் போய்ச் சொன்னதை நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“பசங்க எல்லாரும் சரியா எழுதுறாங்கன்னு கம்ப்ளெயின்ட் பண்ற முதல் வாத்தியார் நீங்கதான் மேடம்.”

“சார், புது ஸ்லைடு வாங்கணும்.”

“வாங்கலாம், வாங்கலாம். முதல்ல ரிசல்ட் வரட்டும். உங்க நிரந்தர ஆர்டர் இதோ டிராயர்லதான் இருக்கு. எல்லாரும் பாஸானா நீங்களும் பாஸ். போன தடவை இருந்தவர் இப்படித்தான் எதையோ நோண்டினார். இப்ப அவர் எங்க இருக்கார்னு எனக்கே தெரியல.”

கல்லில் நார் உரிக்கலாம். அந்த மனிதரிடம் ஸ்லைடு வாங்க முடியாது என்று தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் கசாப்புக் கடையில் நின்றாள், கையில் ஃபார்மலின் பாட்டில் மூடி திறந்தபடி. கணையம் ஒரு விசித்திரமான உறுப்பு. உயிர் போன கொஞ்ச நேரத்தில், தன்னிடம் உள்ள ரசத்தால் தன்னையே கரைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். அதற்குள் மருந்தில் போட வேண்டும்.

“ஈரல் தரட்டுமாம்மா? இளசா இருக்கு.”

“ஈரலும் வேணும். முதல்ல அந்த ஓரத்துல தூக்கிப் போடுறீங்களே, அதைக் குடுங்க. சீக்கிரம், அது தன்னையே தின்னுக்கும்.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காசு வாங்காமல் கொடுத்து அனுப்பினார். பைத்தியங்களிடம் அவர் காசு வாங்குவதில்லை.

மனிதத் திசுவுக்கும் ஆட்டுத் திசுவுக்கும் லென்ஸுக்கு அடியில் பெரிய வித்தியாசம் இல்லை. துண்டுகளை ஃபார்மலினில் ஊறவைத்து, சாராயத்தில் நீர் வற்றவைத்து, உருகிய மெழுகில் புதைத்துக் கட்டியாக்கினாள். மெழுகு உருக்கியது பால் பாத்திரத்தில். அடுத்த நாள் காலை அவள் கணவர் குடித்த டீயில் ஆடைக்குப் பதில் மெழுகு கட்டியது. திரி இருந்தால் ஏற்றியிருக்கலாம்.

“ஏம்மா, ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல இருக்கறது யாரோட கிட்னி?”

“ஆட்டோடதுங்க.”

“சரி, என்னோடதோன்னு பாத்தேன்.” ஃப்ரிட்ஜை மூடிவிட்டுக் கேட்டார். “இதனால அந்த ஆர்டர் கிடைக்காமப் போயிடுமா?”

“போகலாம்.”

“அப்ப நல்லாப் பண்ணு. அரைகுறையாப் பண்ணிட்டு வேலையும் போச்சுன்னா அசிங்கம்.”

கால்நடைக் கல்லூரியில் அவள் தங்கை வேலை பார்த்தாள். மெழுகுக் கட்டிகளை அங்கே கொண்டுபோய், அவர்களுடைய சீவும் இயந்திரத்தில் சீவி, சாயம் ஏற்றி, குமிழ் இல்லாமல், கீறல் இல்லாமல், முடி விழாமல் ஒட்டினார்கள். தங்கை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் ஒட்டினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மூச்சு தானாக அடங்கும்.

புது ஸ்லைடுகளை வைத்து வகுப்பில் பாடம் எடுத்தாள். யார் பார்த்தார்கள்? அதெல்லாம் தேர்வுக்கு வராது, தேர்வுக்குப் பெட்டிதான் என்று ஹாஸ்டல் உத்தரவாதம் கொடுத்திருந்தது. தூக்கம் மட்டும் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று மேடம் தோளைத் தட்டினாள்.

“மேடம், ஊதாக் கூட்டத்துக்கு நடுவுல அங்கங்க வெளுப்பாத் தீவு மாதிரி இருக்கே, அது என்ன?”

“அதுதான்டி இன்சுலின் சுரக்கிற இடம்.” அந்த வருஷத்தில் அவள் கோபமில்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

செய்முறைத் தேர்வு அன்று மேசைகளில் அவள் வைத்தது தன் ஸ்லைடுகளை. மணி அடித்தது. ரேங்க் முதல் ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மூலையைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறு மூலையைப் பார்த்தான். திருவிழாவில் அப்பாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது அவன் முகம். ஒருவன் எலும்புக்கூட்டிடம் உதவி கேட்பதுபோல் அண்ணாந்து நின்றான். அதற்கு இரண்டும் இடது கை. அது என்ன செய்யும்?

வெளித்தேர்வாளர் வேறொரு கல்லூரியில் இதே பாடத்தைப் பல வருஷமாக எடுப்பவர். ஒவ்வொரு தாளாகத் திருத்திக்கொண்டு வந்தார். தூக்கத்தின் தாளில், அழகாகத் தீவுகள் வரைந்து ‘கணையம்’ என்று எழுதியிருந்த இடத்தில், சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

ஃபார்மலின் மேடம் பக்கத்தில் வந்தாள். “ஏன் சார் தப்பு?”

“இது கணையம் இல்லையே மேடம்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கணையம்னா இங்க...” என்று காற்றில் விரலைத் தூக்கி, வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு பிறை வரைந்தார்.

அவள் அந்த விரலையே பார்த்தாள். “நிலாவா சார்?”

அவர் முகம் மலர்ந்தது. “அட, நீங்களும் நம்ம காலேஜ்தானா? எந்த பேட்ச்?”

அந்தக் கணம் ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டில்கள் தானாக மூடிக்கொண்டன என்று ரேங்க் பிற்காலத்தில் சொல்லித் திரிந்தான். ஒரு முக்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டாள். அது தரையில் எழுப்பிய ஓசையில் வகுப்பு முழுக்கத் திரும்பியது.

“உக்காருங்க.”

“மேடம், எனக்கு பஸ்ஸுக்கு...”

“உக்காருங்க சார். கண்ணை வைங்க. ஓரத்தை விடுங்க, நடுவுல பாருங்க. என்ன தெரியுது?”

“ஊதாவா, கொத்துக் கொத்தா.”

“அதுக்கு நடுவுல?”

அவர் இன்னும் குனிந்தார். மைக்ராஸ்கோப்பின் திருகை மெல்லத் திருப்பினார். “வெளிறின மாதிரி... திட்டுத் திட்டா.”

“அதைத்தான் அந்தப் பொண்ணு வரைஞ்சிருக்கா. பல வருஷமா அதைப் பத்தி நீங்க பாடம் எடுக்கறீங்க. இன்னிக்குத்தான் பாக்கறீங்க. உங்ககிட்ட படிச்சவங்க எத்தனை கடையில நிக்கறாங்கன்னு நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.”

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது ஒரு காரணம். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்பது மற்றொன்று. பிறகு சிவப்புக் குறியை அடித்துவிட்டுத் தூக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டார். மீதித் தாள்களை மேடம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ஸ்லைடிலும் கண்ணை வைத்துப் பார்த்துத் திருத்தினார். பாதிக்கு மேல் தேறவில்லை. ரேங்க் கணையத்துக்கு ‘நாக்கு’ என்று எழுதியிருந்தான்.

சேதி போய், முதல்வர் மரப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வந்தார். “மத்தியானம் இதை வச்சு இன்னொரு தடவை நடத்திடலாம். பசங்க பதட்டத்துல எழுதிட்டாங்க.”

“நடத்த முடியாது சார்.”

“மேடம், யோசிச்சுப் பேசுங்க.” பெட்டியை இறக்கி வைத்தார். ஒரு கையில் மேசையிலிருந்து எடுத்த மதிப்பெண் பட்டியல், மறு கையில் டிராயரிலிருந்து எடுத்து வந்த ஆர்டர். “நீங்க இதுல கையெழுத்துப் போட்டா, நான் இதுல போட மாட்டேன். அவ்வளவுதான்.”

“சார், தப்பா குடுத்த மார்க் எதுன்னு காட்டுங்க, மாத்திடறேன்.” முக்காலியைக் காட்டினாள். “உக்காந்து பாருங்க.”

முதல்வர் மைக்ராஸ்கோப்பிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தார். தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர் தரையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, யாரும் கேட்காமலே முதல்வர் கையிலிருந்த பட்டியலை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டார்.

“பாத்துட்டேன் சார்” என்றார் முணுமுணுப்பாக. “பாத்தப்புறம் எப்படி?”

அவள் பட்டியலை வாங்கினாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். முதல்வர் ஆர்டரை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “திங்கட்கிழமைல இருந்து வர வேண்டாம்.”

ஸ்லைடுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் தேறாதவர்கள் வழியை மறித்து நின்றார்கள். ரேங்கின் கண் சிவந்திருந்தது.

“நாங்க என்ன மேடம் பண்ணினோம் உங்களுக்கு? எங்க வீட்டுல என்ன சொல்லுவேன்?”

“நாக்குன்னு எழுதினேன்னு சொல்லு.”

“சிரிக்காதீங்க மேடம்.”

“நான் சிரிக்கலடா. என் மூஞ்சியப் பாரு. சிரிக்கற மூஞ்சியா இது? மறுதேர்வுக்குப் படிக்க எல்லாரும் திங்கட்கிழமை என் தங்கச்சி வேலை பாக்கற கால்நடைக் கல்லூரிக்கு வாங்க. அங்க மைக்ராஸ்கோப் இருக்கு, நான் பேசிக்கறேன். வராதவனை வீட்டுக்கு வந்து இழுத்துட்டுப் போவேன்.”

“உங்களுக்குத்தான் வேலை போயிடுச்சாமே மேடம்” என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

“வேலைதானேடா போச்சு. கோபம் அப்படியேதான் இருக்கு. காலைல சீக்கிரம் வந்து சேருங்க.”

வழி விட்டார்கள். கண் எரிந்தது என்பது காரணம்.