ஐஸ் ஆலைக்காரரின் பாதங்கள்

அப்பாவின் சவப்பெட்டியில் கால்பக்க மூடியைத் திறந்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். அடக்க வண்டியோடு வந்த ஆள் கையைப் பிசைந்தான். எல்லோரும் தலைப்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் முகம் பார்ப்பார்கள், கால்பக்கத்தை யாரும் திறப்பதில்லை, ஃபாதர் வேறு பத்து மணிக்குக் கோயிலில் காத்திருப்பார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். அம்மா நகரவில்லை. அவளுடைய ஒரு கையில் தைலப் புட்டியும் இன்னொரு கையில் சாம்பல் நிறக் காலுறைகளும் இருந்தன.

மகள் ரொவேனா காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள். ஐந்து நாளாக அம்மா அவளோடு பேசவில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், "நர்ஸம்மாவக் கேளு" என்று தம்பி ஆர்னெலைத்தான் அனுப்புவாள். பிறந்ததிலிருந்து 'இந்தாய்' என்று செல்லமாகக் கூப்பிட்ட வாய் அது.

ரொவேனா செய்த குற்றம் இவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அப்பாவின் பாதங்களில் அம்மா தேய்த்துவிட்டிருந்த தைலத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். காலுறையையும் கழற்றினாள். அப்பாவைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரியில் அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்க மருந்து ஏறியதும் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள மறந்துவிடும். வயிற்றைத் திறந்தால் சூடு இன்னும் வேகமாக இறங்கும். சர்ஜனுக்கோ வேர்க்கக் கூடாது, ஏசி ஜில்லென்று ஓட வேண்டும். அதனால் உள்ளே கொண்டுபோவதற்கு அரைமணி நேரம் முன்பே, சூடான காற்று ஊதும் போர்வைக்குள் ஆளைப் படுக்கவைத்துவிடுவாள். தைலம் பூசிய தோலில் அந்தக் காற்று பட்டால் வெந்து புண்ணாகும் அபாயம் உண்டு. இதையெல்லாம் அம்மாவிடம் அப்போதே சொன்னாள். "வெறுங்காலோடயா அனுப்பப் போற?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் சொன்ன காரணம் எதுவும் அம்மாவிடம் எடுபடவில்லை. கால்வழியாகக் குளிர் ஏறிவிட்டது, பாஸ்மா என்கிற குளிர்நோய் கண்டுவிட்டது என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்கள் ரொவேனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிஸ்கட்டைக் கடித்தார்கள். பெற்ற தகப்பனைக் கொன்றவள்போலச் சொந்த வீட்டில் ஐந்து நாள் நடமாடுவது லேசான காரியமா?

அப்பா கிறிஸ்புலோ, பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாண்டோஸ் மீன் துறைமுகத்து ஐஸ் ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். சூரை மீனுக்கான ஐஸ் பாளங்களை இழுத்து இழுத்து, ரப்பர் பூட்ஸுக்குள்ளேயே கால் விறைத்துப் போய்த்தான் வீடு வருவார். அம்மா அந்தக் கால்களை மடியில் போட்டுக்கொண்டு தைலம் தேய்ப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. சண்டை போட்ட நாளில் திட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

அம்மாவுக்குச் சொல்ல ரொவேனாவிடம் ஒரு பதில் இருந்தது. அன்றைக்கு அந்தப் போர்வைக்குள் படுத்துப் பத்து நிமிஷம் ஆனதும் அப்பா சிரித்தார். ஐஸ் உருகாமல் இருக்க உமி கொட்டி மூடுவோமே, அப்படியல்லவா என்னை மூடிவிட்டாய் என்று கிண்டல் செய்தார். அப்புறம் பாதங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துக்கொண்டார்.

"இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் என் காலு சூடாயிருக்கு. ஒங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், நொந்துபோவா."

அதற்கப்புறம் கண்விழித்துத் தண்ணீர் கேட்டதைத் தவிர அவர் அவளிடம் வேறெதுவும் பேசவில்லை. இதைச் சொன்னால் தன்மேல் விழுந்த பழி நீங்கிவிடும் என்று ரொவேனாவுக்குத் தெரியும். ஆனால் அம்மா தேய்த்த முப்பத்தோரு வருஷமும் அதோடு போய்விடும். அவள் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஆர்னெல்தான் வண்டி ஆளைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தான். மூடி திறந்தது. இஸ்திரி போட்ட கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே வெறும் பாதங்கள் தெரிந்தன. இறந்தவருக்கு இங்கே ஷூ போடுவதில்லை, வீட்டுக்குள் நடமாடும் சத்தம் கேட்கும் என்பார்கள். அம்மா உள்ளங்கையில் தைலத்தை ஊற்றி இடது பாதத்தில் தேய்க்கத் தொடங்கினாள். வலது பாதம் அவளுக்கு எட்டவில்லை. ரொவேனா தட்டை வைத்துவிட்டு மறுபக்கம் போய்க் கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு அம்மா புட்டியைக் கொடுத்தாள்.

பாதம் கட்டைபோல இருந்தது. இருவரும் தேய்த்தார்கள்.

"தியேட்டர்லேர்ந்து வெளிய வந்தப்ப காலு எப்படி இருந்துச்சு?" அம்மா நிமிராமலே கேட்டாள்.

"சூடா இருந்துச்சும்மா. நீங்க தேய்ச்ச சூடு."

"நீதான் தொடச்சிட்டியே."

"தொடச்சும் போகல."

அம்மாவின் கை நின்றது.

"பொய் சொல்லாத, இந்தாய். நான் தேய்ச்சு இந்தக் காலு ஒருநாளும் சூடானதில்ல. 'சூடாயிடுச்சு, போதும் விடு'ன்னு அவருதான் சொல்லுவாரு. தொட்டுக்கிட்டிருக்கிற எனக்குத் தெரியாதா?"

பெட்டியின் மேல் கண்ணீர் விழுந்தால் போகிறவருக்கு வழி கனக்கும் என்பார்கள். ரொவேனா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நெஜமாவே சூடாச்சும்மா. அவரே சொன்னாரு."

"அந்தப் போர்வையிலயா?"

"ஆமா."

அம்மா மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். வெளியே வண்டிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்து ஓய்ந்தான்.

"நல்லதாப் போச்சு" என்றாள் பிறகு.

ஒரு காலுறையை மகளிடம் கொடுத்தாள். ஆளுக்கொரு பாதமாக மாட்டினார்கள். ரொவேனா மாட்டியதில் குதிகால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அம்மா பெட்டியின் மேல் எட்டிக் குனிந்து, அதைச் சரியாகத் திருப்பிவிட்டு, கணுக்கால்வரை இழுத்துவிட்டாள்.