எதுவரை போயிருப்பாள்?

சாஃப்ட்பால் ஆட்டம். கையில் பந்தே இல்லாமல், ஓடுபவள் தொட்டுப் போகவேண்டிய இரண்டாம் பேஸில் மரம் மாதிரி நின்றாள் எதிரணிப் பெண் ஒருத்தி. ஓடிவந்த கீலி அவள்மேல் மோதித் தடுமாறி, ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டு மேலே ஓடினாள். மறிப்புக்கான சைகையாக அம்பயர் மார்லிஸின் இடக்கை தன்பாட்டுக்கு நீண்டது. மறித்தது தவறு, ஆனால் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. ஓட்டம் முடிந்த பிறகு, மறிக்காவிட்டால் எந்த பேஸ் வரை போயிருப்பாள் என்று கணித்து, அதை அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

கீலியோ மூன்றாம் பேஸையும் தாண்டி, தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி பேஸான ஹோமுக்குப் பாய்ந்தாள். இன்னும் ஐந்து எட்டு தூரம் இருக்கும்போதே, பந்தோடு காத்திருந்த எதிரணிக்காரி அவளைத் தொட்டுவிட்டாள். பந்தோடு தொட்டால் அவுட்.

கடைசி இன்னிங்ஸ். கீலியின் அணியில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட், மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடியும்; ஒரு ரன் பின்தங்கல் வேறு. ஹோமைக் கொடுத்தால் ஆட்டம் சமன். கொடுக்காவிட்டால் கீலி அவுட், மாநிலப் போட்டிக்குப் போகும் ஆசையும் அத்தோடு சரி. அயோவாவின் ஜூலை வெயிலில் ஊரே எழுந்து நின்று கத்தியது. மார்லிஸுக்கு எதுவும் உறைக்கவில்லை. புருஷன் க்ரெய்க் போய்ச் சேர்ந்து மூன்று வாரம். அன்றிலிருந்தே மரத்துப்போய்த்தான் கிடந்தாள், பாவம்.

கீலி அணியின் கோச் டுவேன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கைய நீட்டினீங்கல்ல மார்லிஸ்? அப்ப ஹோமக் குடுங்க!"

"மறிச்சது உண்மைதான் டுவேன். எதுவரைக்கும்னுதான் பாக்கணும்."

"என்னத்தப் பாக்கறது! புள்ள பறந்துல்ல வந்தா!"

"கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கோ மகராசி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கொடுத்துத் தொலைக்கலாம். அம்பயரின் கணிப்புக்கு அப்பீல் கிடையாது. அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. யாராவது ஒருத்தராவது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டுமே! க்ரெய்க்கை ஏற்றிய ஆம்புலன்ஸை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி பதினோரு நிமிஷம் மறித்தது. அது மட்டும் வராதிருந்தால் பிழைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் நடமாடினாள். ஆனால் கண் பார்த்தது பார்த்ததுதான். மோதலில் கீலி இழந்தது இரண்டே எட்டு, ஹோமுக்குக் குறைந்ததோ ஐந்து.

"மூணாவது பேஸ் வரைக்கும்தான். அதுக்கு மேல ஓடினது அவ சொந்தப் பொறுப்பு. அவுட்!"

புழுதி முகத்தோடு கீலி எதிரே வந்து நின்றாள். "நெசமா சொல்லுங்க. அவ நிக்கலன்னா நான் போயிருப்பேன்ல?"

"இல்லம்மா. அப்பவும் போயிருக்க மாட்ட."

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ஆம்புலன்ஸில் க்ரெய்க்கின் கையைப் பிடித்திருந்தவள் அவள்தான். கேட் கண்ணில் படும் முன்பே அந்தக் கை சில்லிட்டுவிட்டது. தெரிந்த விஷயம்தான், ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. இப்போது நடு மைதானத்தில், அத்தனை பேர் பார்க்க, மார்லிஸ் அழுதாள்.