ஓவனிடம் பேசியவர்கள்

பெரியவள் அன்று தோற்றுப்போவது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். தோற்பது என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் வேறு வழியில்லை, மறுநாள் காலையில் லாரி வந்துவிடும்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓரகத்திகள் என்றாலே ஒத்துப்போகாது என்று சொல்கிறவர்களின் வாயை அவர்கள் ரொம்ப நாள் அடைத்து வைத்திருந்தார்கள். சின்னவள் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றுவாள். பெரியவளுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி கிடையாது. அந்த "அக்கா"வில் அவள் உருகிப்போய்விடுவாள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஓர் ஓவன். சின்னவள் இந்த வீட்டுக்கு வரும்போது கூடவே கொண்டுவந்தது. மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சின்னவள் வேலைக்குப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதில் கேக்கோ பிஸ்கட்டோ செய்வாள். மற்ற நாளெல்லாம் சும்மாதானே கிடக்கிறது என்று பெரியவள் அதற்குள் வாணலி, மூடி, பிளாஸ்டிக் கிண்ணம், சல்லடை என்று அடுக்கிவிட்டாள். இதில் என்ன அதிசயம்? கதவு இருக்கிறது, உள்ளே தட்டு இருக்கிறது, அலமாரிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அந்தப் பாத்திரங்களையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். ஆனால் அடியில், பின்பக்க மூலையில் ஏதோ ஒன்று தங்கிவிட்டது. அவள் கவனிக்கவில்லை, சுவிட்சைப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் கரும்புகை. அணைத்துத் திறந்து பார்த்தால் பச்சைப் பிளாஸ்டிக் உருகி வழிந்து அடித்தகட்டில் ஒட்டிக் கிடந்தது. பெரியவளின் பச்சைச் சல்லடையை அன்றிலிருந்து காணவில்லை. அப்புறம் விசாரணைக்கு என்ன இருக்கிறது?

"ஓவனுக்குள்ள யாராவது பிளாஸ்டிக்கை வைப்பாங்களா?" என்றாள் சின்னவள்.

"சுவிட்சைப் போடறவளுக்குக் கண்ணு இல்லையா?" என்றாள் பெரியவள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வளர்ப்பு, பிறந்த வீடு என்று பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் நின்றே போனது. ஓவனையும் யாரும் தொடவில்லை. தொட்டுத் துடைத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அது அழுக்கும் தானுமாகக் கிடந்தது.

பேச்சு நின்றது என்றால் வாய் நிற்குமா? ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள். உப்பு தீர்ந்தால் பெரியவள் காலி ஜாடியிடம், "தீர்த்தவங்களுக்குச் சொல்லணும்னு தோணாது, நீயாவது சொல்லக்கூடாதா?" என்பாள். சின்னவள் ஜன்னலைப் பார்த்து, "நேத்தே வாங்கி வெச்சாச்சு, பார்க்கிற கண்ணு இருந்தா தெரியும்" என்பாள். நடுவில் பெரியவளின் கணவர்தான் சமாதானத் தூதர். "ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகவா இவ்வளவு? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்கம்மா" என்று இரண்டு பக்கமும் ஞானியைப் போல உபதேசம் செய்வார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பிதான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரின் மறுகோடியில் ஒரு வீடு பார்த்துவிட்டான்.

நாளைக்குப் போகிறாள். ஒரு தடவை "அக்கா" என்று கூப்பிடாமலேயே போய்விடுவாளோ? இப்படியே போனால் அப்புறம் யார் வீட்டுக்கு யார் போவது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

அதனால்தான் இந்தத் தோல்வி. பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஓவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அது அசைவேனா என்றது.

"என் பொருளை நானே துடைச்சுக்குவேன்." சின்னவள் வாசலில் நின்று ஓவனைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் முதுகை ஒடிச்சுக்க வேணாம்."

"ஒத்தை ஆளு தூக்கற கனமா நீ?" பெரியவளும் ஓவனையே கேட்டாள்.

ஓவன் என்ன சொல்லும்? ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள்.

கம்பித் தட்டுகளைக் கழற்றி, சுடுதண்ணீரில் சலவைத்தூள் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டாள் பெரியவள். சின்னவள் சோடா உப்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்து உட்சுவரெல்லாம் பூசினாள். சூடேறும் கம்பிகளில் மட்டும் படாமல் விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பூசினாள். அது ஊறட்டும் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வினிகரைத் தெளித்ததும் பொசுபொசுவென்று நுரைத்தது. துணியால் துடைக்கத் துடைக்கப் பழுப்பாக வழிந்தது. பழைய பல்துலக்கி மூலை முடுக்கெல்லாம் போய்வந்தது. வேலை செய்கிறபோது சின்னவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். பெரியவள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். நாளையிலிருந்து இதைப் பார்க்க முடியாது என்று நினைத்ததும் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அடித்தகட்டில் இருந்த பச்சைப் பிளாஸ்டிக் மட்டும் எதற்கும் மசியவில்லை.

"சூடு காட்டினா இளகும்" என்றாள் பெரியவள், தொட்டியிடம்.

"சூடு காட்டினா மறுபடி புகையும். ஐஸ் வெச்சா இறுகித் தானா விட்டுரும்" என்றாள் சின்னவள், ஓவனிடம்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை, அதனால் பெரியவள் எழுந்து போய் ஐஸ்கட்டிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து வைத்தாள். இறுகியதும் சின்னவள் கரண்டிக் காம்பை ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். படக்கென்று ஒரு சத்தம். பச்சைப் பாளம் முழுசாகப் பெயர்ந்து வந்து செய்தித்தாளில் மல்லாக்க விழுந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். சல்லடைக்கு ஏது கொக்கி? பிளாஸ்டிக்கின் இரண்டு ஓரத்திலும் ஸ்டீல் கொக்கிகள் பதிந்திருந்தன. நடுவில் கருகிப்போன வில்லைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் மாதிரி ஐந்து முனை.

"இது நான் செஞ்ச பிஸ்கட்டாச்சே" என்றாள் சின்னவள். இதை அவள் யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரியவள் கொக்கியைத் தடவிப் பார்த்தாள். பச்சை டப்பா. இரண்டு பக்கமும் ஸ்டீல் கொக்கி. பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று அவள் கணவர் சொன்ன சாப்பாட்டு டப்பா! அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு எதையும் கண்ணில் காட்டாமல் பெரியவள் பூட்டி வைத்துவிடுவாள். மனிதர் பிஸ்கட்டைத் திருடி டப்பாவில் போட்டு, டப்பாவை ஓவனுக்குள் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

"அடப் பாவி மனுஷா! விட்டுக்கொடுங்கம்மா, விட்டுக்கொடுங்கம்மான்னு இவரு பாடின பாட்டு என்ன!"

சின்னவளுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. சோடா உப்புக் கையால் வாயைப் பொத்தப்போய் மூக்கெல்லாம் வெள்ளை. அதைப் பார்த்ததும் பெரியவளும் அடக்க முடியாமல் சிரித்தாள். வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்படியானால் அந்தச் சல்லடை எங்கே போனது? அது இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சிரித்து ஓய்ந்தபோது கூடத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் பெரியவளின் கண்ணில் பட்டன. இத்தனை மாசம் எதற்காகப் பேசாமல் இருந்தோமோ அது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பெட்டிகள் மட்டும் அங்கேயே இருந்தன. அவள் ஓவனைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை. சின்னவளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நீ போகாதே. பெட்டியை எல்லாம் நானே பிரிச்சு வெச்சிடறேன்."

சின்னவள் கையைத் துணியில் மெதுவாகத் துடைத்தாள்.

"போகணும் அக்கா."

வந்துவிட்டது அந்த அக்கா. இப்படியா வர வேண்டும்?

"சண்டைதான் தீர்ந்துபோச்சே. இன்னும் என்ன?"

"சண்டைக்காகத்தான் வீடு பார்த்தோம். ஆனா பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப்போச்சு. அந்தச் சமையலறை சின்னதுதான். எல்லாத் தட்டும் காலியா இருக்கு." சின்னவள் தயங்கினாள். "இங்க எங்க பார்த்தாலும் உங்க பாத்திரம்தான் அக்கா. நான் கொண்டுவந்தது இது ஒண்ணுதான். இதுக்குள்ளயும் உங்களோடதுதான் இருந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எடுத்து வெளிய வெப்பேன். திங்கக்கிழமை வேலையிலிருந்து வந்து பார்த்தா மறுபடி உள்ள இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவள் பதில் சொல்லியிருப்பாள், பதில் சொல்ல அவளுக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்? டப்பா கணவருடையதாக இருந்தால் என்ன? பாத்திரங்களை அடுக்கியது அவள்தானே? அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊறவைத்த கம்பித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒன்றொன்றாகச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் வாங்கி உள்ளே பொருத்தினாள்.

அப்போதுதான் பெரியவளின் கணவர் ஒரு கையில் கயிற்றுச் சுருளும் இன்னொரு கையில் புது வீட்டுக்கென்று வாங்கிய டம்ளர் அடுக்குமாக வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல?"

"உங்க டப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துடுச்சு மாமா" என்று சின்னவள் செய்தித்தாளைக் காட்டினாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். பெரியவளைப் பார்த்தார். அவள் அந்த ஸ்டீல் கொக்கியை விரலால் சுண்டிக் காட்டியது அவருக்கு இன்னும் கிலியைக் கிளப்பியது. பேச்சை மாற்ற வேண்டுமே!

"அட, ஓவன் என்னமா பளபளன்னு ஆயிடுச்சு! உள்ள இவ்வளவு இடம் சும்மா கிடக்கே. லாரியில இடத்தை அடைக்காம இந்த டம்ளரையெல்லாம் இதுக்குள்ளயே அடுக்கிடலாம்" என்று குனிந்தார்.

பெரியவள் அவர் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"அதுக்குள்ள ஒண்ணும் வைக்காதீங்க" என்றாள். "அது அவளோடது. அவளைக் கேளுங்க."