ஒல்லி எழுத்து

போர்க்காலக் காகிதப் பஞ்சத்தில் நாடக நோட்டீஸ் பாதி அகலமாகிவிட்டது. ‘சங்கீத மனோரஞ்சனி காந்திமதி அம்மாள்’ என்ற கதாநாயகியின் பெயர் குறுகுமா? அது ராஜபார்ட் நடிகரின் பெயரைவிடப் பெரிதாக, ஒரே வரியில் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் அம்மாள் வந்த ரயிலிலேயே திரும்பிப் போய்விடுவார். காண்டிராக்டர் ராயப்பனோ விழுப்புரத்தில் கொட்டகை போட்டு, டிக்கெட்டும் விற்றுவிட்டார்.

திண்டிவனத்தில் அச்சாபீஸ் வைத்திருந்த பாக்கியசாமியிடம் ஓடினார்.

“பெரிய எழுத்துல பேரு ஒடையுது, சின்னதுல எறும்பு ஊர்றாப்ல கீது. அம்மா போயிட்டா ஜனங்க என்னைக் கொட்டாயோட கொளுத்திடுவாங்கய்யா!”

“கத்திக்கினு இருக்காதீங்க. புதுசா மரத்துல செதுக்குன அச்செழுத்து வந்துகீது, பாருங்க.”

எழுத்துகள் ஒல்லியாய், நெட்டையாய், எங்கும் ஒரே கனமாய் இருந்தன. சுழியிலும் கொம்பிலும் துளி அலங்காரமில்லை.

“இன்னாய்யா, பட்டினி கெடந்த எழுத்தா?” என்றார் ராயப்பன். விலை படியும்வரை எதையும் புகழ மாட்டார்.

பாக்கியசாமி ஒரு தாள் அச்சடித்து வாசல் சுவரில் ஒட்டினார். தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்த ராயப்பனுக்குப் பேரம் மறந்தது. அத்தனை நீளப் பெயரும் ஒரே வரியில், எழுத்துகள் நெருக்கியடித்தும் ஒன்றையொன்று மிதிக்காமல், சாண் உயரத்துக்கு எழுந்து நின்றது. கோபுரத்தைப் பார்ப்பவர்போல் அண்ணாந்தார்.

நாடகத்தன்று விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கிய காந்திமதி அம்மாள், சுவரில் தன் பெயரைக் கண்டு நின்றார். ரயில் ஊதியது. அழைக்க வந்திருந்த ராயப்பன் அம்மாளுக்கும் ரயிலுக்கும் நடுவே போய் நின்றார்.

“என் பேருக்கு இவ்ளோ உசரமா?” என்று மெல்லக் கேட்டார் அம்மாள். பிறகு கூட வந்த ஆர்மோனியக்காரரிடம் திரும்பினார்.

“இன்னும் இன்னாய்யா பாத்துக்கினு கீறே? ஜல்தியா பொட்டிய எறக்கு!”