ஓடைக்கரையில் சிவப்புத் துணி

அப்பா முதல் சிவப்புத் துண்டை மரக்கிளையில் கட்டியபோது மொத்தத் தையல்கடையும் நின்று வேடிக்கை பார்த்தது. அவர் எங்கள் கடையின் கட்டிங் மாஸ்டர். துணியில் கோடு போட்டால் நூல் பிசகாது. தெருவில் இறங்கினால் சொந்த வீட்டையே தாண்டிப் போய்விடுவார். கல்யாணத்தன்று வேறு யாருடைய கல்யாணத்திலோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஓடையோரமாகவே நடந்து அருவி பார்த்துவிட்டு வருவது என்று கடையில் பேச்சு வந்ததும், "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. பட்டன் துளைக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "வழி தப்பினா, இனிமே எங்க போனாலும் நான்தான் முன்னாடி. நீங்க பையத் தூக்கிட்டுப் பின்னாடி வாங்க." அத்தனை பேர் முன்னால் அப்பா சரி என்றுவிட்டார். அதற்காகத்தான் பாதை பிரிகிற இடமெல்லாம் ஒரு துண்டு.

கல்லுக்குக் கல் தாவி ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்தோம்.

"மாஸ்டர், இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார் எங்கள் கடையில் துணி தேய்க்கும் இஸ்திரி மாமா.

"இதோ, ஒரு சாண்."

"துணிக்கணக்கா, காட்டுக்கணக்கா?"

ஒருவழியாக அருவி வந்தது. அப்பா அண்ணாந்து பார்த்து, "மடிப்பு நல்லா விழுந்திருக்கு" என்றார். சாரலில் நனைந்துகொண்டே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

முதல் பிரிவில் துண்டு இல்லை. அப்பா ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தார். "மரம் எந்திரிச்சு நடந்து போயிருக்குமோ மாஸ்டர்?" என்றார் மாமா. அப்பா சிரிக்கவில்லை. அப்போதுதான் அம்மாவின் பையிலிருந்து ஒரு சிவப்பு முனை எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன். வரும்போது கடைசியாக வந்தவள் அம்மாதான். உள்ளங்கை அகலத் துணி எங்கே கிடந்தாலும் எடுத்துவைப்பது கடைப் பழக்கம். தலையணைக்கு ஆகும். அவள் கை அந்த வேலையைத் தானாகவே செய்திருந்தது.

அம்மா பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எப்போதுமே வாய் திறக்காதவள். அவளும் திறக்காமல் இருந்தால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள்.

"ஓடையில முகம் கழுவிட்டு வர்றேன்" என்று அம்மா பையோடு புதருக்குப் பின்னால் போனாள். எந்தெந்த மரத்தில் அவிழ்த்தாள் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது முகம் நனைந்திருக்கவில்லை.

"இந்தப் பக்கம் கொஞ்சம் பாக்கலாமே" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

நாலு எட்டு வைத்ததும் மாமா கத்தினார். "அதோ சிவப்பு!"

"நான் சொல்லல?" என்று அப்பா ஓடினார். கிட்டே போய் முடிச்சைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா போடும் முடிச்சு முயல்காது மாதிரி தொங்கும். இது இரண்டு சுற்று இறுக்கி, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. பட்டன் தைத்து முடிக்கும்போது அம்மா போடுவது.

"நான் கட்டினதுதான்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு அம்மாவிடம் வந்து, அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ முன்னாடி போ. எனக்குக் கால் வலிக்குது."

அம்மா முன்னால் நடந்தாள். அப்பா எல்லோருக்கும் பின்னால் வந்தார். அவர் அடி வைக்கும்போதெல்லாம் பையின் வாயில் மிச்சத் துண்டுகளின் சிவப்பு முனை ஆடிக்கொண்டே வந்தது.