வாழைக்குப் போன தண்ணீர்

மொக்கைச்சாமி வாழை மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எதிரே அரிவாளோடு அவருடைய மச்சான் பெரியகருப்பன்.

“தள்ளுங்க மாப்பிளே. வெயில் ஏறுது.”

“இத வெட்ட வேணாம் மச்சான்.”

“பெறகு எத வெட்ட? பூவும் பொட்டுமாப் போறா எந் தங்கச்சி. பாடைக்குத் தலைமாட்டுல வாழை கட்டாமத் தூக்கவா? வீட்டுல மரத்த வச்சுக்கிட்டு மார்க்கெட்டுல போயி வெலைக்கு வாங்குனம்னு வைங்க, அய்யம்மாளே எந்திரிச்சு வந்து வைவா.”

கொல்லையில் நின்ற பெண்களில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்ததில் தப்பில்லை. பெரியகருப்பன் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம்.

அய்யம்மாள் அன்று விடியற்காலையில்தான் இறந்தாள். அதுவும் எப்படி? எல்லா நாளும் போல ஒரு தீக்குச்சியை மிச்சம் பிடிப்பதற்காக, தேங்காய் மட்டையில் நெருப்பு வாங்கப் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியிடம் போனாள். போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ரம்ஜான் பீவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பி நீட்டி, “மிச்சத்தக் கொட்டிறாத. கறிவேப்பிலைக்கு ஊத்திரு” என்றாள். அவ்வளவுதான். சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தவள்தான்.

இதை ரம்ஜான் பீவி துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அழுதுகொண்டே ஆரம்பிப்பாள். கறிவேப்பிலை வரும் இடத்தில் சிரிப்பு வந்துவிடும். கேட்டவர்களும் சிரிப்பார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் சத்தமாக அழுவார்கள்.

அய்யம்மாளின் வீட்டில் எந்தப் பொருளும் ஒரே தடவையில் சாகாது. சேலை கிழிந்தால் இரண்டு தாவணி. தாவணி கிழிந்தால் கைப்பிடித் துணி. அதுவும் நைந்தால் விளக்குத் திரி. உடைந்த பானையில் புதினா, ஓட்டைச் சட்டியில் தூதுவளை. தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர், அந்த வீட்டுக்குள் நுழைந்தால் நாலு வேலை பார்க்காமல் வெளியே போக முடியாது. அரிசி கழுவியது வெஞ்சனத்துக்கு நறுக்கிய காயைக் கழுவும். காய் கழுவியது பாத்திரத்துக்கு. பாத்திரம் கழுவியது கத்தரிச் செடிக்கு. குளித்தது மட்டும் நேராக வாழைக்கு. அதற்கென்றே துவைகல்லை வாழைக்குப் பக்கத்தில் உருட்டிப் போட்டிருந்தாள். துணியைத் துவைத்து, வாழைத் தூரில் நின்று ஒரு தடவை பிழிவாள். உதறிவிட்டு மறுபடியும் பிழிவாள். “ரெண்டாந்தரம் பிழிஞ்சாத்தேன் துணி உண்மையச் சொல்லும்” என்பாள்.

அவளுக்கு வாய்த்த புருஷனோ பஸ் கம்பெனி ஷெட்டில் பஸ் கழுவுகிறவர். அங்கே கிணறும் பம்புசெட்டும் உண்டு. ரப்பர் குழாயைத் திறந்துவிட்டால் ஒரு பஸ்ஸுக்கு ஓடுகிற தண்ணீரில் அய்யம்மாள் ஒரு மாதம் குடும்பம் நடத்துவாள். வேலை முடிந்ததும் அதே குழாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மொக்கைச்சாமி அரை மணி நேரம் குளிப்பார். ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்ததும் சண்டை ஆரம்பிக்கும்.

“அங்கயே குளிச்சுட்டு வந்துட்டீகளா?”

“ஆமா. ஒனக்கு ஒரு வாளித் தண்ணி மிச்சம்ல? சந்தோசப்படு.”

“என்னத்த மிச்சம்? ஊரான் சாக்கடைக்குக் குளிச்சுட்டு வாரீக. இங்க நின்னு ஒரு வாளி ஊத்திக்கிட்டா இந்த வாழை ஒரு முழம் வளரும்ல? ஏன், ஒங்க ஒடம்பு அழுக்கு வாழைக்கு ஆகாதா?”

“ஒரு வாளியில என் ஒரு கால்கூட நனையாதுடி.”

இருபத்தெட்டு வருஷமாக இதே சண்டை. ஒருநாள்கூட அவர் அந்தக் கல்லில் நின்று குளித்ததில்லை. போன வருஷம் பங்குனியில் வைத்த கன்று கருகியது. அதற்கு முந்தினதும் கருகியது. மூன்றாவதாக வைத்ததுதான் இது. ஒற்றை ஆளாகக் குளித்துக் குளித்தே அதை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றிவிட்டாள். சண்டை முற்றினால் கடைசியாக ஒன்று சொல்வாள்: “உசுரோட இருக்கும்போதுதேன் ஒங்க தண்ணி இதுக்குக் கெடைக்கல. நான் செத்தா என்னையக் குளிப்பாட்டுற தண்ணியாச்சும் வாழைக்கு விடுங்க. தெருவுல விட்டீகன்னா எந்திரிச்சு வந்துருவேன், ஆமா.”

“எந்திரிச்சு வா. வந்து தண்ணிய அள்ளு” என்று அவர் சிரிப்பார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. மரத்தை விட்டு நகரவுமில்லை.

“அண்ணாந்து பாருங்க மச்சான்” என்றார்.

பெரியகருப்பன் ஆத்தூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர். அணைத் தண்ணீர் பாயும் பூமி. வேண்டாவெறுப்பாக அண்ணாந்து பார்த்தார். உச்சியில், மற்ற இலைகளில் பாதிகூட இல்லாமல், முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டி இலை விரிந்திருந்தது. குலை வருவதற்கு முன்னால் வருகிற இலை.

அவர் கை தானாகத் தாழ்ந்தது. மரத்தைச் சுற்றி வந்தார். தண்டைத் தடவிப் பார்த்தார், சினைமாட்டின் வயிற்றைத் தடவுவது போல.

“எப்பப்பா வந்துச்சு இது?”

“முந்தாநாள். எனக்கு நேத்துத்தேன் காட்டுனா. பத்து நாள்ல பூ தள்ளும்னா.”

“பத்தெல்லாம் ஆகாது. எட்டே நாளு.” அரிவாளைக் கை மாற்றிக்கொண்டார். “வயித்துல குலையோட நிக்கிற மரத்த மண்ணுல பாடுபடுற எந்தச் சம்சாரியும் வெட்ட மாட்டான். கழிசட, இந்தக் கட்டாந்தரையில எப்புடித்தேன் கொண்டாந்தாளோ!” தொங்கிக்கொண்டிருந்த கீழ் இலை இரண்டை மட்டும் அறுத்தார். “இது போதும் பாடைக்கு. அவளே இதத்தேன் சொல்லியிருப்பா.”

மரம் தப்பியது. ஆனால் அன்று குழாயில் தண்ணீர் வராத நாள்.

அய்யம்மாளைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க, கொட்டு முழங்க, ஏழு குடங்களோடு பங்காளிகள் தெருக்கோடிக் குழாய்க்குப் போனார்கள். திருகினார்கள். குழாய் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். கொட்டுக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மெதுவாக அடித்தார்கள்.

“ஒங்க ஊரு அணைத் தண்ணிதேன மச்சான் இதுல வரணும்?” என்றார் மொக்கைச்சாமி. “வாரப்ப ஒரு கொடம் கையோட கொண்டாந்திருக்கலாம்ல?”

பெரியகருப்பன் முறைத்தார். முறைக்க முடியாமல் மீசைக்குள் சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் ஷெட் மெக்கானிக் முனீர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் திரும்பினான். வண்டியில் இரண்டு டிரம். பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கும் டிரம்கள்.

“அண்ணே, இன்னைக்குக் கொழாய் வராத நாளாச்சேன்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். தூக்கிட்டுப் போடான்னாரு. ரெண்டும் ரொம்பி இருக்கு.”

“டிரம்முல மொண்டு நீர்மாலையா?” என்றார் ஒரு பங்காளி.

“ஏன்? பஸ்ஸே குடிக்கிது. எந் தங்கச்சி குளிக்கக் கூடாதா?” என்றார் பெரியகருப்பன். கொட்டு மறுபடியும் வேகம் பிடித்தது.

மொக்கைச்சாமி அதற்குள் மண்வெட்டியை எடுத்துவிட்டார். குளிப்பாட்டுவது வீதி வாசலில். வாழை நிற்பது கொல்லையில். வீட்டை ஒட்டி ஆள் நுழையும் அகலத்தில் ஒரு முடுக்கு. அதன் வழியாக வாய்க்கால் இழுத்தால் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. துக்க வீட்டுக்காரர் குனிந்து மண் வெட்டுவதை எல்லோரும் வாயைத் திறந்து பார்த்தார்கள்.

கீரனூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பொன்னழகு பஸ்ஸை விட்டு இறங்கி, தலைவிரி கோலமாக அப்போதுதான் ஓடிவந்தாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு முடுக்குக்கு வந்தாள்.

“என்னப்பா பண்றீக?”

“ஒங்கம்மா சொன்னதச் செய்றேன்.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் வெட்டிப்போட்ட மண்ணைக் கையால் இருபுறமும் அணைத்தாள்.

“மாப்பிளே,” பெரியகருப்பன் குரலைத் தாழ்த்தினார், “பொணங் கழுவுன தண்ணியில காய்க்கிறத யாரு திம்பா?”

“நாந் திம்பேன்” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரம்ஜான் பீவியின் குரல் வந்தது. “மொதச் சீப்பு எனக்குன்னு அக்கா சொல்லியிருக்கு. இத்தன வருசமா ஓசி நெருப்புக் குடுத்ததுக்குக் கூலி. யாரும் அதுல கைய வச்சிறாதீக.”

வாசலில் சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் அய்யம்மாளைக் குளிப்பாட்டினார்கள். மொக்கைச்சாமி முடுக்கில் குத்தவைத்துக் காத்திருந்தார். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு மஞ்சள் கலந்து, சீயக்காய் நுரையோடு, தண்ணீர் தலையை நீட்டியது. உதிர்ந்த மல்லிகைப் பூ ஒன்று அதன் மேல் சுழன்று சுழன்று வந்தது. அவர் குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து அதற்கு வழிவிட்டார். “வா, வா, இப்பிடி வா” என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

ஜன்னலைத் தாண்டியது. முடுக்கின் பாதிக்கு வந்தது. சித்திரை மாதத்து மண். விரிசலுக்கு விரிசல் குடித்தது. வேகம் குறைந்தது. நுரை மட்டும் அங்கேயே நின்று ஒவ்வொன்றாக வெடித்தது. வாழைக்கு இன்னும் ஐந்து முழம் இருந்தது.

“இன்னும் ரெண்டு கொடம் ஊத்தச் சொல்லு தாயி!”

“ஊத்தியாச்சு மாப்பிளே. கோடிச் சேலை போத்தியாச்சு. எந்திரிங்க, தூக்கணும்” என்றார் பெரியகருப்பன்.

அவர் அந்த மல்லிகைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வாழை இலை தலைமாட்டில் ஆட, அய்யம்மாள் கல்யாணப் பெண் போலப் போனாள். ரம்ஜான் பீவி தெருமுனை வரை வந்து நின்றாள். கைகளை ஏந்தி என்னவோ முணுமுணுத்தாள்.

மகன் இல்லாததால் மொக்கைச்சாமிதான் கொள்ளி வைத்தார். மீசையும் தலையும் மழித்துக்கொண்டு, வெயில் சாயும் நேரத்தில் மற்ற ஆண்களோடு திரும்பி வந்தார். வீட்டைக் கழுவிவிட்டு வாசலில் நின்ற ரம்ஜான் பீவி ஒரு நிமிஷம் ஆள் தெரியாமல் விழித்தாள்.

“யாருன்னு பாத்தேன். மீசையில்லாம அக்கா பாத்துச்சுன்னா படி ஏத்தாது ஒங்கள.”

காட்டுக்குப் போய் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். மொத்தம் எட்டுப் பேர்.

“ஷெட்டுக்குப் போயிருவமா? பம்புசெட்டு ஓடும்” என்றான் முனீர். “எம்புட்டு வேணும்னாலும் குளிக்கலாம்.”

“ஆமா, வாங்க போவோம்” என்று பங்காளிகள் திரும்பினார்கள்.

“எங்கயும் போக வேணாம்” என்றார் மொக்கைச்சாமி. “பொன்னழகு, அந்த டிரம்முல தண்ணி இருக்காத்தா?”

“ஒண்ணு காலி. இன்னொண்ணுல பாதி இருக்குப்பா.”

“கொல்லைக்கு உருட்டு. எல்லாரும் வாங்க. அந்தக் கல்லுல ஏறி நில்லுங்க.”

பெரியகருப்பனுக்கு முதலில் புரியவில்லை. வாழையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தங்கச்சி புருஷனின் மொட்டைத் தலையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கல்லில் ஏறினார். பொன்னழகு வாளியை மொண்டு கொடுத்தாள்.

“ஆளுக்கு ஒரு வாளிதேன் மாமா. மறு வாளி கேக்கப்பிடாது.”

அச்சு அசல் அம்மாவின் குரல். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டார்கள்.

“ஏலே, தள்ளி நின்னு குளிக்காத. தூருல விழுகட்டும்!”

“தலைய இங்கிட்டுச் சாயுங்க சித்தப்பு. ஒங்க தண்ணி கத்தரிக்குப் போகுது பாருங்க.”

“கத்தரியும் நம்ம புள்ளதேன், குடிக்கட்டும்.”

முனீரும் சட்டையைக் கழற்றினான். “எனக்கும் ஒரு வாளி. செத்த நேரம் நானும் வாழைக்குத் தண்ணி பாய்ச்சுறேன்.” சுவருக்கு மேலே ரம்ஜான் பீவியின் பிள்ளைகள் நாலு தலைகளாக முளைத்து வேடிக்கை பார்த்தன. தூரைச் சுற்றித் தண்ணீர் கட்டி நின்றது. கொப்புளம் விட்டுக்கொண்டே உள்ளே இறங்கியது. பகல் முழுக்கச் சோர்ந்திருந்த இலைகள் காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

ஏழு பேர் குளித்து முடித்து முன்பக்கம் போனார்கள். ரம்ஜான் பீவி வீட்டு அடுப்பிலிருந்து ரசத்தின் வாசம் வந்தது. கடைசியில் மொக்கைச்சாமி கல்லில் ஏறினார்.

“அப்பா, ரெண்டு வாளி இருக்கு. ஊத்திக்கிறீகளா?”

“ஒண்ணு போதும்” என்றார். “இன்னொண்ண மூடி வையி.”

ஒரு வாளியைச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினார். தலைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு. கால்கூட நனையாது என்று சொன்ன தண்ணீர் அது. கால் நனைந்து, பாதம் நனைந்து, கல்லிலிருந்து இறங்கி ஓடியது.

இடுப்புத் துண்டை மாற்றிக் கட்டிக்கொண்டு, ஈரத் துண்டோடு வாழைத் தூருக்குப் போனார். குனிந்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். உதறினார். தோளில் போடப் போனவர், நின்றார். மறுபடியும் முறுக்கிப் பிழிந்தார்.

கொஞ்சம் வந்தது.