பதினேழு தடவை கூப்பிட்ட வண்டி

ஆவுடைத்தாய் தன் கணவருக்காகக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ், அவர் செத்து ஒரு வருடம் நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டே முக்காலுக்கு வந்தது. சைரன் போட்டுக்கொண்டு வேகமாகத்தான் வந்தது. டிரைவர் இசக்கிப்பாண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் தகவல் கிடைத்ததே அன்றைக்கு இரண்டு இருபதுக்குத்தான். இருபத்தைந்து நிமிடத்தில் சங்கரப்பநேரிக்கு வந்து சேர்ந்துவிட்டார். "யாருக்கும்மா நெஞ்சுவலி? பொம்பளையாளு போன்ல அழுதாகளாமே" என்று கேட்டார். ஆவுடைத்தாய் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினாள்.

எம். புதுப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் அது. நான்கு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் டவர் வைக்க முடியாது என்று போன்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் எப்போது வேண்டாமென்றோம் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். ஆகவே கண்மாய்க்கரைக்குப் போய், மடைக்கு மேலே ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் சிக்னல் ஒரு கோடு தெரியும். காற்று பலமாக அடித்தால் அதுவும் போய்விடும். சம்பந்தம் பேசுவது, கேஸ் புக் பண்ணுவது, மருமகனிடம் சண்டை போடுவது எல்லாம் அந்த மடைமேல் நின்றுதான். கணவர் முத்துக்கிருஷ்ணன் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். சீசன் நேரமாக இருந்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு வேன் போகும், எதிலாவது தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததோ தீபாவளி கழிந்த எட்டாம் நாள். கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. போனஸ் வாங்கிய கையோடு பாதி ஊர் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போயிருந்தது. ஆவுடைத்தாய் செருப்பில்லாமல் மடைக்கு ஓடினாள். பதினேழு தடவை போட்டாள். பதினேழும் இரண்டு மணியடித்து அறுந்தன. கேட்கிறதோ இல்லையோ என்று ஒவ்வொரு தடவையும் ஊர்ப்பெயரையும் வலியையும் சொல்லி முடித்தாள். திரும்பி வந்தபோது அவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் கிடந்தார். தன்னைத் தேடித்தான் திரும்பியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். அந்த நினைப்பு அதற்குப் பிறகு அவளை ஒருநாளும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

இரண்டாவது வண்டி மூன்று மாதத்தில் வந்தது, மூன்றாவது அடுத்த மாதமே. வெறும் வண்டியாகத் திரும்பியதால் போலீஸ் விசாரித்தது. பதிவாகியிருந்த அழைப்பைப் போட்டுக் கேட்டார்கள். மூச்சுவாங்கும் பெண்குரலும் கண்மாய்க் காற்றும் இருந்தன. கூப்பிட்டதும் உண்மை, வந்ததும் உண்மை, இதில் கேஸ் எங்கே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் எழுந்து போய்விட்டார். ஆவுடைத்தாயின் போனில் அன்றைய பதினேழு அழைப்புகளும் வரிசையாக இருந்தன. ஒரு வண்டி வந்து போனால் ஒன்று குறையும். மிச்சம் எத்தனை என்று ஊருக்கே தெரியும்.

ஐந்தாவது வண்டி வந்த அன்று பக்கத்து வீட்டு செல்வலட்சுமியின் கணவர் மணிமுத்துவை மக்காச்சோளக் காட்டில் பாம்பு கடித்திருந்தது. வந்த வண்டியில் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். பிறகு ஊர் அதற்குப் பழகிவிட்டது. எட்டாவதில் ஒரு பிரசவம் போனது, பதினொன்றில் தீக்காயம் பட்ட இரண்டு பெண்கள் போனார்கள். டவர் கேட்டு ஊர் கொடுத்த மனுவுக்கும் பதில் வந்தது. சங்கரப்பநேரியிலிருந்து செய்யப்படும் அழைப்புகள் உரிய இடத்தைச் சென்றடைவது ஆய்வில் உறுதியாகியுள்ளதால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது, காலதாமதம் குறித்துத் தனி மனு அளிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பிழைத்தவர்கள் ஆவுடைத்தாயைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ஒவ்வொரு வண்டி போன பிறகும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அவருக்கு வந்த படுக்கையில் ஊரே படுத்துப் போகிறது, அவர் மட்டும் போகவில்லை.

அவர் செத்து ஆறு வருடத்தில் பதினாறு வண்டிகள் தீர்ந்தன. பதினேழாவது பங்குனியில், ஊரில் ஒருத்தருக்கும் தலைவலிகூட இல்லாத ஒரு நாளில் வந்து நின்றது. கடைசி வண்டி வீணாகப் போகிறதே என்று தெருவே அங்கலாய்த்தது. "சும்மா போறதுக்கு என் முட்டுவலிக்காவது காட்டிட்டு வாரேன்" என்று செல்வலட்சுமி சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இல்ல மதினி" என்றாள் ஆவுடைத்தாய். அவள் மறுத்தது அதுதான் முதல் தடவை. "இது அவுக வண்டி. இன்னைக்கு அவுகளே போகட்டும்." பிறகு இசக்கிப்பாண்டியிடம் திரும்பி, "உள்ள வாசலப் பாத்துக் கிடக்காக. ரெண்டு பேராப் பிடிங்க, லோடு தூக்குன ஒடம்பு" என்றாள்.

இசக்கிப்பாண்டிக்கு அதற்குள் மீசை நரைத்திருந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கினார். அவரும் கூட வந்த நர்சும் வெறும் தரையில் குனிந்து, ஒன்று இரண்டு சொல்லித் தூக்கினார்கள். படி இறங்கும்போது நர்சுக்குக் கால் தள்ளாடியது. படுக்கை விரிப்பு ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. தெருவில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள், செல்வலட்சுமி ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். ஆவுடைத்தாய் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவகாசி போய்ச் சேரும்வரை பிடித்த கையை விடவில்லை. வண்டி வந்துவிட்டது, வண்டி வந்துவிட்டது என்று அவர் காதுப் பக்கம் சொல்லிக்கொண்டே போனாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் ஓடிவந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அவள் வெளியே பெஞ்சில், மற்ற பெண்களோடு பெண்ணாகக் காத்திருந்தாள். அதில் ஒருத்தி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து அவள் தோளில் கை வைத்து, "எம்புட்டோ பாத்தோம்மா. முடியல" என்றார். ஆவுடைத்தாய் வாயைத் திறந்து, ஆறு வருடமாக அழாத அழுகையை அழுதாள்.

ஐந்தரை பஸ்ஸில் ஊர் திரும்பியபோது வாசலில் பந்தல் போட்டுச் சேர் இறக்கியிருந்தார்கள். ஆள்கள் துக்கம் விசாரிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாலை போட்ட படத்தை யாரோ கழற்றித் திருப்பி வைத்திருந்தார்கள். எப்போது நடந்தது என்று மணிமுத்து கேட்டார்.

"நாலு பத்துக்குண்ணே. ஆஸ்பத்திரில வச்சு" என்றாள் ஆவுடைத்தாய். "நான் கூடத்தான் இருந்தேன்."